எரிய வேண்டிய விளக்கு

தம்பி: காலை எடு... பிரேக் மேல காலை வைக்காதன்னு சொன்னேன்ல?

அக்கா: வைக்கலடா. சும்மா பக்கத்துல வச்சிருக்கேன்.

தம்பி: பக்கத்துலயும் வேணாம்.

அக்கா: பின்ன எங்கடா வைக்கிறது? உன் மடியிலயா?

தம்பி: தரையில வை. ரெண்டாவது கியர்லயே விடு. வண்டி தானா இறங்கும்.

அக்கா: எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் இப்படிச் சொல்லலையே. இறக்கத்துல கால் எப்பவும் பிரேக்குக்குப் பக்கத்துல...

தம்பி: அவர் மைதானத்துல சொல்லிக்கொடுத்தவர். இது மலை. ரெண்டாவது கியர் போதும். ஹார்ன் அடி. வளைவு வருது.

அக்கா: அடிக்கிறேன், அடிக்கிறேன். ஏன்டா இப்படிக் கத்தற? கத்தினா எனக்கு ஓட்ட வராது.

தம்பி: கத்தல... மெதுவா. இன்னும் மெதுவா. ஒட்டி வா... மலைச்சுவர் பக்கமா ஒட்டி வா. பள்ளத்துப் பக்கம் போகாத.

அக்கா: ஒட்டித்தான் வர்றேன். உன் பக்கத்துக் கண்ணாடி பாறையில உரசப் போகுது.

தம்பி: உரசட்டும்.

அக்கா: உரசட்டுமா! வண்டியில ஒரு கீறல் விழுந்தா உயிரை விடற ஆளு நீ. அன்னைக்குப் பாப்பா பென்சிலால கோடு போட்டுச்சுன்னு அரைமணி நேரம் துடைச்சியே.

தம்பி: அக்கா, ரோட்டைப் பாரு. என்னைப் பார்க்காத.

அக்கா: உன்னைப் பார்க்காம எப்படி இருக்கறது? காலையில கூப்பிடாமலே வந்து நிக்கிற. நான் சாவியைப் போட்டு இஞ்சினை ஓட விட்டாச்சு, நீ பாட்டுக்குக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துட்ட. காலைக் குனிஞ்சு பார்த்தியா?

தம்பி: ஏன், என்ன?

அக்கா: ஒரு கால்ல உன் செருப்பு. இன்னொரு கால்ல யாரோடதோ.

தம்பி: ...அவசரத்துல வந்துட்டேன்.

அக்கா: என்ன அவசரம்? ரயிலடிக்குப் போய் உங்க மச்சானைக் கூட்டிக்கிட்டு வரப் போறேன். ரெண்டு வருஷம் கழிச்சு வர்றார். நானே ஓட்டிக்கிட்டுப் போய் நிக்கணும்னு ஆசை. இதுல உனக்கென்ன அவசரம்?

தம்பி: மலையில நீ தனியா ஓட்டினதில்ல. அதான்.

அக்கா: பாசம்?

தம்பி: பாசம்னே வச்சுக்கோ.

அக்கா: இத்தனை வருஷத்துல இல்லாத பாசம். சரி, அந்தப் பையை ஏன்டா பச்சைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடிச்சிருக்க? பின்னாடி போடு.

தம்பி: இருக்கட்டும்.

அக்கா: என்ன இருக்கு அதுல?

தம்பி: ஸ்பேனர்... துணி... என் சாமான்தான். அக்கா, வளைவு!

அக்கா: தெரியுது.

தம்பி: ஹார்ன்!

அக்கா: அடிச்சாச்சு! ...டேய். டேய், டேய். ஒண்ணு எரியுது!

தம்பி: எங்க?

அக்கா: இங்க, முள்ளுக்குக் கீழ. இப்பத்தான் வந்துச்சு. ஐயோ... நிஜமாவே எரியுதுடா!

தம்பி: என்ன கலர்? கலரைச் சொல்லு.

அக்கா: மஞ்ச.

தம்பி: அப்பாடா.

அக்கா: என்னடா அப்பாடா? விளக்கு எரியுதுங்கறேன், நீ அப்பாடாங்கற!

தம்பி: மஞ்சன்னா பயம் இல்ல. படம் என்ன? நீ பார்க்க வேணாம்... நானே எட்டிப் பார்க்கறேன். இஞ்சின் விளக்கு. ஒண்ணும் ஆகாது. ஊர் போய்ப் பார்த்துக்கலாம்.

அக்கா: இஞ்சினா அது? வீட்டுத் தண்ணி மோட்டார் மாதிரி இருக்கு.

தம்பி: அப்படித்தான் வரைஞ்சிருப்பாங்க. ஏதோ ஒரு சென்சார் குறை சொல்லுது. வண்டி ஓடும்.

அக்கா: நிறுத்த வேண்டாமா?

தம்பி: வேண்... இல்ல, நிறுத்து! நல்லதாப் போச்சு, நிறுத்து. எங்கயாவது சமமா இடம் வந்தா, கியர்லயே விட்டு ஹேண்ட்பிரேக்கை மெதுவா இழு. நான் பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்துடறேன்.

அக்கா: இப்பதான் ஒண்ணும் ஆகாதுன்ன?

தம்பி: ஒண்ணும் ஆகாதுதான். இருந்தாலும்...

அக்கா: சமமான இடம் எங்கடா இருக்கு? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். பின்னாடி பஸ் வேற வருது. ரயில் பத்தேகாலுக்கு. அவர் இறங்கி நின்னு முழிச்சுக்கிட்டிருப்பார்.

தம்பி: முழிக்கட்டும். ஆள் போய்ச் சேர்ந்தா போதும்.

அக்கா: ஏன்டா வாயில நல்ல வார்த்தையே வராதா?

தம்பி: ...இல்லக்கா. சும்மா சொன்னேன்.

அக்கா: எனக்கு இப்பவே சொல்லிக்கொடு. மஞ்சன்னா என்ன, சிவப்புன்னா என்ன. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

தம்பி: இப்பவா?

அக்கா: பேசிக்கிட்டே வந்தா பயம் தெரியாது. உனக்கும்தான். முகம் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கு.

தம்பி: எனக்கென்ன பயம்... சரி. பச்சையும் நீலமும் வந்தா, இது இப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம். முன்விளக்கு, இண்டிகேட்டர் மாதிரி. மஞ்ச வந்தா, என்னைச் சீக்கிரம் கவனின்னு சொல்லுது. சிவப்பு வந்தா...

அக்கா: சிவப்பு வந்தா?

தம்பி: ஓரமா நிறுத்திடணும். உடனே.

அக்கா: எந்தச் சிவப்பு வந்தாலுமா?

தம்பி: எந்தச் சிவப்பும். வலது பக்கம் திருப்பு... மெதுவா... ம்.

அக்கா: சிவப்புல ஒண்ணு, மூக்கு ஒழுகற கெண்டி மாதிரி இருக்குமே.

தம்பி: அது இஞ்சின் ஆயில். ஆயில் அழுத்தம் இல்லன்னா எரியும். எரிஞ்சா இஞ்சினை அணைச்சுடணும். இல்லன்னா உள்ள எல்லாம் ஒட்டிக்கும்.

அக்கா: தண்ணியில நின்னு குளிக்கிற தெர்மாமீட்டர்?

தம்பி: இஞ்சின் சூடு. நிறுத்தி ஆற விடணும். சூடா இருக்கும்போது மூடியைத் திறந்துடாத, முகமெல்லாம் வெந்துடும்.

அக்கா: ஒரு பெட்டி, பிளஸ், மைனஸ்?

தம்பி: பேட்டரிக்குச் சார்ஜ் ஏறலன்னு அர்த்தம். இதெல்லாம் எங்கக்கா படிச்ச?

அக்கா: வண்டியோட ஒரு புத்தகம் குடுத்தீங்களே. டேஷ்போர்டு அறையில சும்மாதான கிடந்துச்சு. எடுத்துப் படிச்சேன்.

தம்பி: அதையெல்லாம் யாரு படிப்பா!

அக்கா: டீச்சர் படிப்பா. இன்னொண்ணு இருந்துச்சே. வட்டம், வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி. ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்ட மாதிரி.

தம்பி: அது... ஹேண்ட்பிரேக். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தா எரியும். எடுத்துட்டா அணைஞ்சுடும்.

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான்.

அக்கா: புத்தகத்துல ரெண்டு வரி இருந்துச்சே.

தம்பி: ரோட்டைப் பாருக்கா.

அக்கா: பார்த்துக்கிட்டேதான் பேசறேன். காலையில வாசல்ல ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் நின்னுச்சு. சாவியைப் போட்டேன். அந்த ஆச்சரியக்குறி வரலையே?

தம்பி: இந்த மாடல்ல வராது.

அக்கா: புத்தகத்துல படம் இருக்கு.

தம்பி: புத்தகம் எல்லா மாடலுக்கும் பொதுவா அடிச்சிருப்பாங்க.

அக்கா: ஓகோ.

தம்பி: என்ன ஓகோ?

அக்கா: ஒண்ணும் இல்ல. நீ மெக்கானிக். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

தம்பி: அக்கா... எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் நிறுத்தேன்.

அக்கா: முன்னாடி அறையில பிளாஸ்டிக் கவர் இருக்கு. எடுத்துக்கோ.

தம்பி: கவரெல்லாம் வேணாம். ரெண்டே நிமிஷம் இறங்கி நின்னா சரியாயிடும்.

அக்கா: பஸ் முட்டற மாதிரி வருதுடா பின்னாடி. இங்க நிறுத்தினா நம்மளையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டுப் போயிடுவான்.

தம்பி: கீழ ஒரு கடை வரும். அங்க நிறுத்து. கடைக்கு முன்னாடி மண் தரை இருக்கு... மண்ணுல இறக்கிட்டா தானா நின்னுடும்.

அக்கா: தானா நின்னுடுமா? ஏன், பிரேக் பிடிச்சா நிக்காதா?

தம்பி: நிக்கும்! நிக்காம என்ன. ஆனா... பிடிக்காத. சூடாகிடும். மலையில அடிக்கடி பிடிச்சா சூடாகிப் பிடிக்காமப் போயிடும்.

அக்கா: நான் இன்னும் ஒருதரம்கூடப் பிடிக்கலையேடா.

தம்பி: அப்படியே இரு.

அக்கா: உன் சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு. இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குதே.

தம்பி: அக்கா... இந்த மூணு நாளா எவ்வளவு தூரம் ஓட்டின?

அக்கா: எந்த மூணு நாளு?

தம்பி: நான் வராத மூணு நாளு. முதலாளி வெளியூர் அனுப்பிட்டார்ல... ராத்திரிதான் வந்தேன். நீ எங்கெல்லாம் போன?

அக்கா: ஸ்கூலுக்குப் போனேன். பாப்பாவைப் பாட்டு கிளாஸ்ல விட்டேன். அறுபது கிலோமீட்டர் இருக்குமா? ஏன்டா?

தம்பி: அறுபதா!

அக்கா: அதுக்கென்ன?

தம்பி: ஒண்ணும் இல்ல... பிரேக் எப்படி இருந்துச்சு? மிதிச்சா உள்ள போச்சா? மெத்து மெத்துன்னு?

அக்கா: அது எப்படி இருந்தா நல்லதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? புது ஓட்டுநர் நான்.

தம்பி: முன்னைவிட ஆழமா மிதிக்க வேண்டியிருந்துச்சா? சொல்லுக்கா!

அக்கா: கத்தாத! வளைவு வருது... ஹார்ன் அடிக்கிறேன்... பாரு, எவ்வளவு பெரிய பள்ளம். கீழ இருக்கற வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி.

தம்பி: பார்க்காத. பார்க்காத. என் குரலை மட்டும் கேளு. ஸ்டீயரிங்கை ஒரேயடியா ஒடிக்காத... ம்... இப்ப நேராக்கு. வந்துட்ட. வந்துட்டோம்.

அக்கா: அந்தக் கடை போயிடுச்சே.

தம்பி: எப்ப?

அக்கா: இப்பத்தான். நீ கண்ணை மூடிக்கிட்டிருந்த.

தம்பி: ஐயோ... நிறுத்தச் சொன்னேன்ல!

அக்கா: எப்படி நிறுத்தறது? பிரேக்குல காலை வைக்காதன்னு நீதான சொன்ன?

தம்பி: சரி, விடு. ரோட்டைப் பாரு.

அக்கா: நீ மூணு நாள் வராதது நல்லாத் தெரியுதுடா. வண்டி முழுக்கத் தூசி. ரெண்டு நாளைக்கு ஒருதரம் வந்து துடைச்சுடுவ. பக்கத்து வீட்டுக்காரங்களே கேட்கறாங்க, இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்னு.

தம்பி: விடுக்கா.

அக்கா: ஏன் விடணும்? ஸ்டாஃப் ரூம்ல தினமும் உன் பேச்சுதான். என் தம்பி வேலை செய்யற இடத்துல வாங்கினது, அவன் பார்த்து நல்ல வண்டின்னு சொன்னதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கணக்கு டீச்சரும் உங்க முதலாளிகிட்டயே ஒரு வண்டி பார்க்கலாம்னு இருக்காங்க.

தம்பி: வேணாம்னு சொல்லு!

அக்கா: ஏன்?

தம்பி: வேணாம்... இப்ப நல்ல வண்டி எதுவும் இல்ல. அப்புறம் வாங்கிக்கலாம்னு சொல்லு.

அக்கா: காது சிவந்து போச்சு பாரு. உனக்குச் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். நீ எதையாவது மென்னு முழுங்கினா காது முதல்ல சொல்லிடும்.

தம்பி: காத்துக்குச் சிவந்திருக்கும்.

அக்கா: கண்ணாடி ஏத்தித்தான் இருக்கு.

தம்பி: அக்கா, பேச்சை நிறுத்திட்டு ஓட்டேன். இன்னும் எத்தனை வளைவு இருக்கு?

அக்கா: வளைவுல நட்டிருந்த கல்லுல பத்துன்னு போட்டிருந்துச்சு. எனக்கு இப்பதான் கொஞ்சம் பயம் தெளியுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இதுலயே அருவிக்குப் போகலாம்னு இருக்கோம். அவர் ஓட்டுவார்.

தம்பி: மச்சானா?

அக்கா: அவர் என்னை மாதிரி இல்ல. இறக்கம் வந்தா நியூட்ரல்ல விட்டுப் பறப்பார். பாப்பா ஒரு இடத்துல உட்காராது. முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு அப்பா இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னு...

தம்பி: அக்கா.

அக்கா: சொல்லி வச்சிருக்கு இப்பவே. அப்பா வந்ததும் பறக்கணும்னு.

தம்பி: அக்கா, போதும்.

அக்கா: என்ன போதும்?

தம்பி: பாப்பாவை இந்த வண்டியில ஏத்தாத.

அக்கா: ஏன்?

தம்பி: ஏத்தாத. மச்சானையும் ஏத்தாத. நீ பதறாம கேளு. ஸ்டீயரிங்கை விட்டுடாத. ரெண்டாவது கியர்லயே வச்சுக்கோ. இந்த வண்டியில பிரேக் சரியில்லக்கா.

அக்கா: கேட்டுச்சு. சொல்லு.

தம்பி: பின்னாடி வலது வீல்ல பிரேக் ஆயில் கசியுது. பிரேக்கை அழுத்திக் கொடுக்கற வீல் சிலிண்டர் போயிடுச்சு. ஆயில் இருக்கற வரைக்கும் பிரேக் பிடிக்கும். குறைஞ்சா மிதி உள்ள போகும். சுத்தமாப் போயிட்டா...

அக்கா: போயிட்டா?

தம்பி: எதையும் மிதிக்கிற மாதிரியே இருக்காது. காத்தை மிதிக்கிற மாதிரி இருக்கும்.

அக்கா: உனக்கு இது எப்பத் தெரியும்?

தம்பி: நீ வாங்கறதுக்கு முன்னாடியே.

அக்கா: முழுசா சொல்லு. பூசி மெழுகாத.

தம்பி: முதல்ல கீழ இறங்கிடலாம்க்கா...

அக்கா: இப்ப சொல்லு. கீழ இறங்கினதும் உன் வாய் மூடிக்கும்.

தம்பி: வண்டி எங்க பழைய வண்டி யார்டுக்கு வந்தப்பவே அந்த ஆச்சரியக்குறி சிவப்பா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஆயில் குறைஞ்சாலும் அதேதான் எரியும். புத்தகத்துல இருந்த ரெண்டாவது வரி அதான். சிலிண்டர் வர ரெண்டு நாள் ஆகும்னேன். முதலாளி கேட்கல. சாயந்தரம் ஒருத்தர் பார்க்க வர்றார், விளக்கு எரிஞ்சா யாரும் வாங்க மாட்டாங்க, எடுத்துடுன்னார்.

அக்கா: எதை எடுத்துடுன்னார்?

தம்பி: பல்பை. மீட்டர் பலகையைக் கழட்டினா பின்னாடி இருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒரு திருகு திருகினா கையோட வந்துடும்.

அக்கா: யார் திருகினா?

தம்பி: நான்தான்.

அக்கா: அப்புறம்?

தம்பி: வர்றேன்னவர் வரல. மறுநாள் நீ வந்து நின்ன. இதுல ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவிக்கிட்டே, நல்ல வண்டியாடான்னு கேட்ட. முதலாளி பக்கத்துலயே நிக்கிறார்... தலையை ஆட்டிட்டேன்.

அக்கா: ஆட்டிட்ட.

தம்பி: ரெண்டு நாள்ல சிலிண்டரை வாங்கி உனக்குத் தெரியாம மாட்டிடலாம்னு நினைச்சேன். இந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்கல. அதுவரைக்கும் நானே வந்து ஆயில் ஊத்திக்கிட்டிருந்தேன். துடைக்கிறேன் துடைக்கிறேன்னு வந்ததெல்லாம் அதுக்குத்தான். இந்தப் பையில இருக்கறதும் பிரேக் ஆயில்தான். மூணு நாளா ஊத்தல... நீ மலை இறங்கப் போறேன்னு ராத்திரி அம்மா சொன்னாங்க. தூக்கமே இல்ல. ஓடி வந்தா, நீ இஞ்சினை ஓட விட்டுட்ட...

அக்கா: அப்பவே சொல்லியிருக்கலாமே. வாசல்ல.

தம்பி: வாய் வரலக்கா. ஊரெல்லாம் என் தம்பி என் தம்பின்னு சொல்லி வச்சிருக்க. எப்படிச் சொல்றது... கூட வந்தா ஹேண்ட்பிரேக்கையாவது இழுத்துடலாம்னு ஏறிட்டேன்.

அக்கா: ஏறினியே, பயமா இல்லையா?

தம்பி: ஈரக்குலை நடுங்குது.

அக்கா: டேய்... ரோட்டுல என்ன அது? கிளையா?

தம்பி: எங்க?

அக்கா: கிளை ஒடிச்சுப் போட்டிருக்காங்க... வளைவு தாண்டி ஏதோ நிக்குது. லாரி! லாரி குறுக்க நிக்குதுடா!

தம்பி: முதல் கியர்! முதல் கியருக்கு மாத்து!

அக்கா: ஆள் நிக்கிறான்! நடு ரோட்டுல ஆள் நிக்கிறான்!

தம்பி: ஹார்ன் அடி! சுவர்ல ஒட்டு, சுவர்ல உரசு! ஹேண்ட்பிரேக்கை நான் இழுக்கறேன்... கையை எடு! கையை எடுக்கா!

அக்கா: நீ கையை எடு!

தம்பி: மிதிக்காத, பிடிக்காது! அக்கா, பிடிக்காது... அக்கா...!

அக்கா: ...

தம்பி: ...

அக்கா: கண்ணைத் திறடா. நின்னுடுச்சு.

தம்பி: எப்படி... எதுல மோதினோம்?

அக்கா: எதுலயும் மோதல. லாரிக்கு இன்னும் நாலு ஆள் நீளம் இருக்கு. பஸ்காரனும் தூரத்துலயே நிறுத்திட்டான். அந்த மனுஷன் நம்மளைத் திட்டிக்கிட்டே ஓரம் போறார், பாரு.

தம்பி: ஹேண்ட்பிரேக்கா?

அக்கா: இல்ல. கால் பிரேக். ஒரே மிதி.

தம்பி: அது எப்படி... ஆயிலே இருந்திருக்காதே...

அக்கா: நிறைய இருக்கு. நேத்து சாயந்தரம் புதுசு ஊத்தினது. சிலிண்டரும் புதுசு. பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒர்க்‌ஷாப்ல ரெண்டு நாள் விட்டிருந்தேன். எங்கயோ சொல்லி வரவழைச்சு மாட்டினாங்க. எடுத்ததும் சமதரையில இருபது தடவை பிடிச்சுப் பார்த்துட்டேன். அறுபது கிலோமீட்டர்னு சொன்னதும் உன் வாயைக் கிளறத்தான்.

தம்பி: உனக்குத்... தெரியுமா?

அக்கா: சாவியைப் போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு அணையணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. பல்பு உயிரோட இருக்கான்னு காட்டறதுக்கு. நான் எத்தனை வருஷமா வருகைப் பதிவு எடுக்கறேன்! கிளாஸ்ல நுழைஞ்சதும் யார் வந்திருக்காங்கன்னு பார்க்க மாட்டேன், யார் வரலைன்னுதான் கண்ணு தேடும். படத்துல பதினொண்ணு இருந்துச்சு. எண்ணிப் பார்த்தேன். பத்துதான் வந்துச்சு.

தம்பி: ...யாரும் எண்ண மாட்டாங்கன்னு முதலாளி சொன்னார்.

அக்கா: ஒர்க்‌ஷாப்காரர் பிரிச்சுப் பார்த்தார். இது தானா போன பல்பு இல்ல, கையால எடுத்திருக்காங்கன்னார். பானெட்டைத் திறந்து இன்னொண்ணும் சொன்னார். இவ்வளவு கசிவுக்கு இந்த வண்டி என்னைக்கோ விழுந்திருக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருதரம் யாரோ ஆயில் ஊத்திக் காப்பாத்தியிருக்காங்கன்னார். ரெண்டு நாளைக்கு ஒருதரம் என் வண்டிக்கிட்ட யார் வர்றா? அங்கேயே ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதேன். கெடுத்தவனும் நீ, காப்பாத்தினவனும் நீ. யாரை நினைச்சு அழறதுன்னே தெரியல. பல்பை மட்டும் போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

தம்பி: ஏன்?

அக்கா: நீயா வாயைத் திறக்கிறியான்னு பார்க்கணும். நேத்து ராத்திரி அம்மாகிட்ட சொல்லி உன் காதுல போட வச்சதும் நான்தான்.

தம்பி: அப்போ இவ்வளவு நேரம்... ஒவ்வொரு வளைவுலயும்... நான் செத்துச் செத்து...

அக்கா: ஆமா. வேணும்னேதான் நிறுத்தல.

தம்பி: எப்படிக்கா மனசு வந்துச்சு!

அக்கா: எனக்கும் பயம்தான். பிரேக்குக்கு இல்ல. நீ சொல்லாமலே கீழ வரைக்கும் வந்துட்டா, அதுக்கப்புறம் உன் முகத்தை எப்படிப் பார்க்கறதுன்னு பயம். அந்தக் கடையைத் தாண்டும்போது பாதி உயிர் போயிடுச்சு எனக்கு. இவன் சொல்ல மாட்டான், சொல்லவே மாட்டான்னு...

தம்பி: சொல்லிட்டேன்ல...

அக்கா: சொல்லிட்ட. பாப்பாவுக்காகவாவது சொல்லிட்ட. அது போதும் எனக்கு. மச்சான்கிட்ட சொல்ல மாட்டேன், அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். தண்ணி பாட்டிலை எடுத்து முகத்தைக் கழுவு. லாரியை ஓரம் தள்ளறாங்க, வழி விட்டுடுவாங்க. ஏன்டா இன்னும் அழற? எல்லாரும் பார்க்கறாங்க. அதான் முடிஞ்சு போச்சே.

தம்பி: அக்கா...

அக்கா: பிரேக்தான் நல்லாப் பிடிக்குதேடா. இனி எதுக்கு அழணும்?

தம்பி: இந்த வண்டி பிடிக்குதுக்கா... நான் பல்பு எடுத்தது பதினாலு வண்டி. மத்த பதிமூணுக்கும் போய் ஆயில் ஊத்தினவங்க யாரும் இல்ல.